ஆஸ்பத்திரிப் பேட்டைக்கு நான் செய்த போணி

ஒரு நகரத்தின் எதிர்காலம் இதோ வானத்தில் பறந்து வருகிறது, நூறாண்டு கழித்தும் நம் சந்ததி இந்தக் காட்சியைச் சொல்லிச் சொல்லிப் பூரிக்கும் என்று மேடையில் அமைச்சர் முழங்க, ஊரே அண்ணாந்து பார்க்கிறது, நானும் பார்க்கிறேன், புகை விட்டுப் பல வருடமான ஆலைப் புகைபோக்கியை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, தும்பி மாதிரி ரீங்கரித்தபடி அந்த ட்ரோன் வருகிறது, அதன் வயிற்றில் ஒரு வெள்ளைப் பெட்டி, பெட்டிக்கு யாரோ மறக்காமல் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார்கள், நாகஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்குக் கண்ணைக் காட்டுகிறார், பெண்கள் குலவை இடுகிறார்கள், என் பக்கத்தில் நின்றவர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார், எனக்கும் உடம்பெல்லாம் புல்லரிக்கிறது, பெட்டிக்குள் இருந்தது காலையில் நான் ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக் கொடுத்த என் மலம்.

அது எப்படி என் மலமாயிற்று என்று யோசித்தால் நினைவு கடைவீதிக்குத்தான் போகிறது, அங்கே யார் புதுக்கடை திறந்தாலும் போணி என் கையால்தான், எனக்குக் கைராசி என்று ஊர் நம்பியது, பேக்கரியில் முதல் பன் நான் வாங்கினேன், செருப்புக் கடையில் முதல் ஜோடி நான் போட்டேன், பெண்கள் தையல் கடையில்கூட என்னைக் கூப்பிட்டு, வேறு வழியில்லாமல் ஒரு பாவாடைக்கு அளவு சொல்லித் தைத்து வாங்கி வந்தேன், போணி செய்கிறவன் பேரம் பேசக் கூடாது, கடன் சொல்லக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலே வெறுங்கையோடு படியிறங்கக் கூடாது, இறங்கினால் அந்தக் கடை விளங்காது, பிறகு ஆலை மூடியது, புதுக்கடையும் இல்லை, போணியும் இல்லை, ஆலை வாசலுக்கு எதிரே என் பாத்திரக் கடையில் தொங்குகிற தூக்குவாளிகள் ஒவ்வொன்றிலும் என் முகமே தெரிகிறது, வேறு முகம் வந்தால்தானே தெரிவதற்கு, என் மனைவி புஷ்பம் கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடி சொல்கிறாள், ஒரு நாள் சொன்னாளா தினமும் சொன்னாளா என்று இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை, இங்க பாருங்க, திருப்பூர்ல என் தம்பி பனியன் கம்பெனியில உங்களுக்கு மேஸ்திரி வேலைக்குச் சொல்லி வச்சிருக்கான், அந்த ஆஸ்பத்திரிப் பேட்டை ஓடுச்சுன்னா இருப்போம், ஓடாதுன்னு தெரிஞ்சுச்சுன்னா அன்னைக்கே லாரிக்குச் சொல்லிருவேன், பெறவு என்னைய ஒண்ணும் சொல்லக் கூடாது.

அதன் முழுப்பெயர் நலவாழ்வு மற்றும் தொழில்நுட்பப் புத்தாக்க மாவட்டம், அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல ஊரில் ஒருவருக்கும் முடியவில்லை, ஆகவே ஆஸ்பத்திரிப் பேட்டை, ஆலை நிலம் முழுக்க வரப்போகிறது என்றார்கள், படத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் இருந்தன, ஏரி இருந்தது, ஏரிக்கரையில் மடிக்கணினியோடு வெள்ளைக்காரி ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள், இப்போதைக்குக் கட்டி முடித்தது ஒரு கட்டடம், மிச்சத்தை ஃப்ளெக்ஸில் அடித்துத் தகரவேலி நெடுக மாட்டியிருந்தார்கள், ஆனாலும் அந்த வேலியோரம் நடக்கும்போது நெஞ்சு படபடக்கும், ஏரிக்காற்று மேலே படுகிற மாதிரியே இருக்கும், அப்படி ஒரு நாள் நடந்து திரும்பினால் கடையில் நகர மறுமலர்ச்சிக் குழுச் செயலாளர் ஜெயபாலன் உட்கார்ந்திருக்கிறார், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், சித்திரையிலும் கோட்டுப் போடுகிறவர், அண்ணாச்சி, இத்தன கோடி போட்டு ஒரு கடை திறக்கோம், போணி உங்க கையாலதான், நீங்கதான் முதல் நோயாளி என்கிறார், எனக்குச் சீக்கு ஒண்ணும் இல்லையே தம்பி என்கிறேன், அதெல்லாம் இருக்கும், அவ்வளவு பெரிய மிசினு, ஒண்ணுகூடவா கண்டுபிடிக்காது என்கிறார், புஷ்பம் கல்லாவிலிருந்து நிமிராமல், இவருக்கு மண்டையிலதான் கோளாறு, அதுக்கு மிசினு இருக்கா என்று கேட்கிறாள், எனக்கோ அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை, பன் வாங்கிய கை, பாவாடை வாங்கிய கை, இனி ஒரு நகரத்தையே தூக்கி நிறுத்தப் போகிற கை.

ட்ரோன் இறங்கியது, பெட்டியை ஒருவர் தாம்பாளத்தில் ஏந்தி உள்ளே கொண்டுபோனார், அமைச்சர் அதைத் தொட்டு வணங்கியதைத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை, என்னைக் கண்ணாடி அறைக்குள் நிறுத்துகிறார்கள், வெளியே சினிமாத் திரை அளவுக்கு ஒரு திரை, அதில் என் இதயம் துடிக்கிறது, என் ஈரல் தெரிகிறது, டாக்டர் மிருணாளினி, அந்த வளாகத்துக்கே தலைவி, ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார், இரத்த அழுத்தம் நார்மல், கூட்டம் கைதட்டுகிறது, சர்க்கரை நார்மல், பாதிக் கூட்டம் கைதட்டுகிறது, இதயம் நார்மல், ஒருவரும் தட்டவில்லை, நுரையீரல் நார்மல் என்றபோது பேக்கரிக்காரர், அடப்பாவி மனுசா என்று முனகியது கண்ணாடிக்குள்ளேயே கேட்டது, அமைச்சருக்கு மட்டும் விஷயம் புரியவில்லை, அவர் தனியாகத் தட்டிக்கொண்டிருக்கிறார், ஜெயபாலன் கோட்டைக் கழற்றிவிட்டார், முழங்கால் வலிக்குது டாக்டரம்மா என்கிறேன், மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, மூட்டு நார்மல் என்கிறார், கண்ணு மங்கலாத் தெரியுது என்கிறேன், கடைசி வரியைப் படிங்க என்கிறார், பதற்றத்தில் படித்துத் தொலைத்துவிட்டேன், இந்த வயசுக்கு அற்புதமான உடம்பு, நீங்க வீட்டுக்குப் போகலாம் என்று அவர் சிரிக்க, அம்மா, வெறுங்கையோட அனுப்பாதீங்க, ஒரு சத்து மாத்திரையாவது குடுங்க, காசு குடுத்திர்றேன் என்று கெஞ்சுகிறேன், நோய் இல்லாதவங்களுக்கு மருந்து இல்ல, இந்த வளாகத்தோட முதல் கொள்கையே அதுதான் சார் என்கிறார் அவர், எவ்வளவு நல்ல கொள்கை, எங்களை அழிக்க வந்த கொள்கை, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் முன்வரிசையிலிருந்து புஷ்பம் எழுந்துவிட்டாள், கைப்பேசியைக் காதில் வைத்துவிட்டாள், லாரிக்காரனா, தம்பியா, தெரியவில்லை, ஏரி வற்றுகிறது, மடிக்கணினிக்காரி எழுந்து போகிறாள், என் தூக்குவாளிகள் சாக்குக்குள் கலகலத்தபடி திருப்பூர் ரோட்டில் போகின்றன, நான் கதவுப்பிடியில் கை வைக்கிறேன், படியிறங்க ஒரு அடிதான் பாக்கி, சார் நில்லுங்க, உங்க ஸ்டூல் ரிப்போர்ட் வந்திருக்கு என்கிறது டாக்டரின் குரல்.

திரை சிவப்பானது, அதற்கு முன் அன்று எதுவும் சிவப்பாகவில்லை, பாசிட்டிவ் என்று எழுத்து வந்தது, என்ன என்று படிப்பதற்குள் கூட்டம் எழுந்துவிட்டது, இருக்கு, அண்ணாச்சிக்கு இருக்கு என்று செருப்புக் கடைக்காரர் துண்டைச் சுழற்றுகிறார், வேட்டு வெடிக்கிறது, ஆலைச் சங்கு ஊதினாற்போல எனக்குக் கேட்டது, ஆலையில் ஆளே இல்லை, இருந்தாலும் கேட்டது, ஜெயபாலன் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, நான்தான் சொன்னேன்ல அண்ணாச்சி, இருக்கும்னு சொன்னேன்ல என்று அழுகிறார், சுவரிலிருந்து ஓர் இயந்திரக் கை நீண்டு, உலகிலேயே நிதானமான கை அது, என் உள்ளங்கையில் ஒரே ஒரு மாத்திரையை வைத்தது, இன்னைக்கு எல்லாம் இலவசம் என்ற டாக்டரிடம் ஓசியில போணி கிடையாது என்று சொல்லி, அந்த இயந்திரக் கையிலேயே நோட்டைத் திணித்தேன், அதற்கு வாங்கத் தெரியவில்லை, பிடித்துக்கொண்டே நின்றது, திரையில் இப்போது வயிற்றுப் புழுவின் முட்டை, கண்ணாடிக் கட்டடத்தின் உயரத்துக்கு, குமிழ் குமிழாய், அழகாகத்தான் இருந்தது, பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு வருசா வருசம் குடுக்கிற மாத்திரைதான் சார், நல்லா மென்னு தின்னுங்க என்று டாக்டர் ஒலிபெருக்கியிலேயே சொன்னார், ஒரு வீட்டுல ஒருத்தருக்கு இருந்தா மத்தவங்களும் பார்த்துக்கணும், தெருக்காரங்களும் வரலாம் என்றார், வாசலில் வரிசை நிற்க ஆரம்பித்தது, பேக்கரிக்காரர், செருப்புக் கடைக்காரர், ஜெயபாலன் மறுபடி கோட்டுப் போட்டுக்கொண்டு, வரிசை தகரவேலியைத் தாண்டி, ஃப்ளெக்ஸ் ஏரியைத் தாண்டிப் போகிறது, டீக்கடை ஒன்று எங்கிருந்தோ முளைத்துவிட்டது, அந்த வரிசையில் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்ட ஒருத்தியின் நடை எனக்குத் தெரியும், பக்கத்தில் போனால், எங்கூடப் பேசாதீங்க, யாரும் பார்த்திரப் போறாங்க என்கிறாள், லாரிக்குச் சொல்லிட்டியா புஷ்பம் என்கிறேன், சொன்னேன், வேண்டாம்னும் சொல்லிட்டேன், தள்ளிப் போங்க என்கிறாள், தள்ளிப் போய் நிற்கிறேன், சிரிப்பு அடங்கவில்லை, சாயங்காலம் அவளுடைய முடிவும் அதே திரையில் வந்தது.

புஷ்பத்துக்கும் புழு இருந்தது.