நாலாவது பாட்டில் வரும் இருமல்

ஆல்பத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பாதிப் பேர் "ஓ, அதுவா" என்று அறிவாளி முகம் காட்டுவீர்கள், மீதிப் பேர் எந்தப் படம் என்பீர்கள். இங்கிலாந்துக்காரர்கள் போட்ட ராக் இசைத்தட்டு. வெளிவந்து ஐம்பது வருடம் ஆனதற்காக பாட்டுகளைத் தேய்த்துக் கழுவி, தடித்த புத்தகம் ஒன்றோடு பெட்டியில் அடைத்துத் திரும்ப விட்டிருந்தார்கள். என் காலேஜ் கூட்டாளி சார்லஸின் மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு சார்லஸும் கூடப் படித்த மிக்கேல்ராஜும் அதைத் தூக்கிக்கொண்டு பேகம்பூரில் என் ரேடியோ ரிப்பேர் கடைக்கு வந்துவிட்டார்கள். ஓடுகிற நிலையில் ரெக்கார்டு பிளேயர் என்னிடம்தான் இருக்கிறது.

நாலாவது பாட்டுக்குத்தான் காத்திருந்தோம். அதில் ஓரிடத்தில் கிதார் நின்றுபோகும். கொஞ்சம் அமைதி. பாடகன் இருமுவான். அப்புறம் கடைசி வரிகளைப் பாடுவான். அந்த இருமலுக்கு உயிரை விடுவோம். காலேஜ் நாட்களில் அந்த இடம் வந்தால் நாங்களும் சேர்ந்து இருமுவோம். பாடகன் காய்ச்சலோடு வந்து பாடினான் என்று எங்களுக்குக் கதை சொன்னவன் எங்களில் ஒருவனான ரொனால்டு.

புதுத் தட்டில் இருமலைக் காணோம்.

சார்லஸுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. பாட்டின் உயிரையே துடைத்துவிட்டான்கள் என்று, வாத்தியார் ஆயிற்றே, வகுப்பில் பையன்களைத் திட்டுவதுபோலக் கம்பெனியைத் திட்டினான். மிக்கேல்ராஜ் போனை எடுத்து, உலகம் முழுக்க ரசிகர்கள் இருக்கும் குழுவில் இங்கிலீஷில் ஒரு கண்டனம் எழுதிப் போட்டான். சாயங்காலத்துக்குள் பதில்கள் வந்தன. என்ன இருமல் என்று கேட்டுச் சிரித்திருந்தார்கள். எங்கோ ஒரு கிழவர் தன்னிடமுள்ள முதல் பதிப்பிலிருந்து அந்தப் பாட்டைப் பதிந்தே அனுப்பிவிட்டார். அதிலும் இருமல் இல்லை.

எங்கள் கேசட்டுகள் எல்லாம் ஒரே கேசட்டிலிருந்து எடுத்தவை. ஊர் மாற்றலாகிப் போகவிருந்த சர்ச் சாமியாரிடம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் தட்டை இரவல் வாங்கி, ஸ்பீக்கருக்கு எதிரே டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்தவன் ரொனால்டு. மூச்சுவிட்டால்கூடப் பதிந்துவிடும் என்று எங்களையெல்லாம் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

என் கேசட்டைப் போட்டு, ஹெட்போனை மிக்கேல்ராஜிடம் கொடுத்தேன். கேட்டான். திரும்ப ஓட்டிக் கேட்டான். ரொனால்டு கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்திலேயே இருந்தவன் அவன். ஹெட்போனைக் கழற்றியபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"இருமுறது நம்ம ரொனால்டுடா," என்றான்.

அழுதான். பிறகு, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அவன் முகம் மெல்லத் தெளிந்து பளிச்சென்று ஆனது. காரணம் இருந்தது. ரொனால்டை எரியோடு ஊருக்குப் பக்கத்து நூல் மில்லில் வேலைக்குச் சேர்த்துவிட்டவன் மிக்கேல்ராஜ். இரண்டு வருடத்தில் ரொனால்டு டிபியில் செத்தான். கொஞ்சம் முன்னாடியே கூட்டிவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னார். மில்லுதான் என் பிள்ளையைத் தின்றது, அதற்கு ஊட்டிவிட்டவன் இவன் என்று ரொனால்டின் அம்மா செபஸ்தியம்மாள் அடக்கத்தன்றே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். கல்லறைத் திருநாளில் மிக்கேல்ராஜ் ஏற்றிவைக்கும் மெழுகுவத்தியை வருடம் தவறாமல் விரலால் அணைத்துவிடுவார். அவனும் வருடம் தவறாமல் ஏற்றுவான்.

"கிதர்," என்று என் தோளைப் பிடித்தான். "இது கிறிஸ்துமஸுக்கு முந்துனது. மில்லுல சேந்தது தை பொறந்து. அப்பவே அவனுக்கு இருமல் இருந்துருக்கு. என்னால இல்லடா."

வேண்டாம், அந்தம்மாவைச் சும்மா விடு என்றேன். சார்லஸும் சொன்னான். முப்பது வருடத்துக்கு மேல் சுமந்தவனிடம் அதெல்லாம் எடுபடுமா? மறுநாள் காலையில் டேப் ரெக்கார்டரை நான்தான் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் போனேன்.

செபஸ்தியம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மிக்கேல்ராஜைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பாட்டை ஓடவிட்டேன். கிதார் நின்றது. இருமல் வந்தது.

அவருக்கு ஹெட்போன் தேவைப்படவில்லை. "ஏ அப்பு," என்று டேப் ரெக்கார்டரைப் பார்த்துக் கையை நீட்டினார். இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். நானும் அழுதேன்.

அந்த நேரம் பார்த்து மிக்கேல்ராஜ் விளக்கினான். சாமியார் தட்டைக் கொடுத்தது, கிறிஸ்துமஸ், தை மாதம் எல்லாவற்றையும் சாட்சி சொல்வதுபோல வரிசையாகச் சொன்னான். மில்லுக்குப் போகும் முன்பே நோய் இருந்தது என்று முடித்தான்.

அவர் அவனை நேராகப் பார்த்தார். அடக்கத்துக்குப் பிறகு அவனிடம் பேசியது அன்றைக்குத்தான்.

"இத நீ முன்னாடியே கேட்டுருக்கியா?"

"தினம் கேப்போம்மா."

"அப்ப அவன் உசுரோட இருந்தானா?"

மிக்கேல்ராஜுக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்கும்தான். டாக்டர் சொன்ன அந்தக் 'கொஞ்சம் முன்னாடி' எங்கள் காதிலேயே இருந்திருக்கிறது. ஆமென்று தலையாட்டினான்.

"கேக்க நல்லா இருந்துச்சா?"

சும்மா இருந்திருக்கலாம். அவனுக்குப் பொய் வராது.

"நல்லா இருந்துச்சும்மா," என்றான்.