உபரி வயர்

எங்கள் வீட்டுக் கரண்ட் அடுப்பு என்னை அடிக்கும். வெறுங்காலோடு நின்று அதன் மேல் கை வைத்தால் போதும், சுருக்கென்று இழுக்கும். என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "எல்லாம் உன் பிரமைடி" என்பார். வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பைக் கழற்றாத மகராசன்! அடுப்புக்கு வயர் இழுத்ததும் அவரே. அப்புறம் என் பேச்சு எங்கே எடுபடும்? அவர் வாயால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "நீ சொன்னது நெஜம்" என்று கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

"என் தம்பி எலக்ட்ரீஷியன். அவன் வந்து பாக்கட்டும். இல்லேன்னா நீங்களே சமைங்க!" என்றேன்.

சமையல் என்றதும் மனுஷர் வழிக்கு வந்தார்.

தம்பி வந்ததும் டெஸ்டரை அடுப்பின் மேல் தகட்டில் வைத்தான். அதற்குள்ளிருந்த குட்டி விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"அக்கா, நீ உசுரோட இருக்கிறதே பெரிய விஷயம்."

"பாத்தீங்களா? பிரமைக்கு விளக்கு எரியுது!" என்று நான் குதித்தேன்.

"டெஸ்டர் பழசா இருக்கும்," என்றார் அவர்.

தம்பி மெயினை அணைத்துவிட்டு அடுப்பை வெளியே இழுத்தான். "வயர் நூல் மாதிரி இருக்கு. இதுல இம்புட்டுப் பெரிய அடுப்பா? சரி, எர்த் எங்க மாமா? பச்சை வயர்?"

"அதுவா? ரெண்டு வயர்லயே அடுப்பு எரிஞ்சுது மாப்ள. அது உபரி. உருவிட்டேன்."

"உபரியா! கசியிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோறதே அதுதான். எங்க போட்டீங்க?"

அவர் கண் பால்கனிப் பக்கம் போயிற்று. அங்கே பச்சைக் கொடியில் என் புடவையும் அவருடைய இரண்டு பனியனும் ஆடிக்கொண்டிருந்தன.

"எர்த்துல துணி காயப்போட்ட ஒரே ஆள் நீங்கதான் மாமா!"

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். தம்பி ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டான். முறைத்துக்கொண்டு நின்றவருக்கும் உதடு துடித்தது. கடைசியில் எங்களைவிடச் சத்தமாகச் சிரித்தவர் அவர்தான்.

தடித்த புது வயர், அடுப்புக்கென்று தனி சுவிட்ச், தனி பிரேக்கர், முக்கியமாக எர்த் என்று எல்லாம் முறைப்படி வந்தன. மெயின் போர்டு இருக்கும் கூடத்திலிருந்து தம்பி, "ம், முடிஞ்சுது!" என்றான். நான் கையை நீட்டினேன். பாழாய்ப்போன கை பாதியில் நின்றுவிட்டது.

"நீ இரு. வினையைப் பண்ணினவன் நான்." செருப்பைக் கழற்றினார். கண்ணை இறுக மூடி ஒற்றை விரலை நீட்டினார். அவருடைய மறு கையை நான் பிடித்துக்கொண்டேன்.

"விடுடி, உனக்கும் அடிக்கும்!"

"அடிச்சா சேர்ந்தே அடிக்கட்டும்."

தொட்டார். "அடிக்கலடி! அடிக்கல!" என்று என்னையும் இழுத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

தம்பி எட்டிப் பார்த்தான். "என்ன கூத்து இது? இன்னும் மெயினே போடலையே. வயரை முடுக்கி முடிச்சேன்னுதானே சொன்னேன்!"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "போடு மாப்ள," என்றார், என் கையை விடாமல்.

தம்பி மெயினைப் போட்டுவிட்டு வந்து டெஸ்டரை வைத்தான். விளக்கு எரியவில்லை. அவர் இப்போது கண்ணைத் திறந்துகொண்டு, என் கையையும் சேர்த்து அடுப்பின் மேல் வைத்தார். ஒன்றுமே இல்லை, வெறும் தகரம்.

"இத்தனை நாளும் உன்னை அடிச்சிருக்கு. நீ சொன்னது நெஜம்தான்டி," என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தம்பி அவசரமாக மெயின் போர்டைப் பார்க்கப் போய்விட்டான்.