பத்துக்கு நாலு

நெவில் பேக்னல் என் பக்கத்து வீட்டுக்காரன். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு செங்கல் சுவர். அவன் தும்மினால் என் அலமாரியில் கோப்பைகள் நடனமாடும். ஆனால் முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு முனகல்கூட அந்தச் சுவரைத் தாண்டி வந்ததில்லை. இங்கிலாந்தின் நடுவே இருக்கும் எங்கள் ஸ்டோக்கில் இது பெரிய அதிசயமில்லை. எங்கள் ஊரில் பிரசவ வலியில் இருக்கும் பெண்கள்கூட முதலில் நர்ஸிடம் தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கத்துவார்கள்.

நான் அந்த ரகமில்லை. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் முப்பத்தொரு வருஷம் உருளைக்கிழங்கு மசித்துப் போட்டவள். மொத்தத்தையும் குவித்திருந்தால் விமானங்கள் சுற்றிப் போயிருக்கும். நானூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்த வேண்டுமென்றால் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் வாய்க்கு அது தெரியவில்லை. விரலில் சூடு பட்டால் கையே போய்விட்டது என்பேன்.

நெவில் எல்லாவற்றையும் கழித்துச் சொல்வான். "நல்லாருக்கியா, வாத்து?" என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்பேன். (எங்கள் ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் வாத்துதான். ஒரு முறை நீதிமன்றத்தில் நீதிபதியே என்னை அப்படிக் கூப்பிட்டார்.) "அவ்வளவு மோசமில்ல" என்பான். அப்படியென்றால் பென்ஷன் உயர்ந்திருக்கிறது, எங்கள் கால்பந்து அணி ஜெயித்திருக்கிறது, மூன்று நாளாக மழையும் இல்லை என்று அர்த்தம். "போயிட்டிருக்கு" என்றால் நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். கூரைத் தண்ணீர்க் குழாயைச் சுத்தம் செய்யப் போய் ஏணியிலிருந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிய என் ரோஜாச் செடிமேல் கிடந்தபோது, "காலு கொஞ்சம் இடைஞ்சலா இருக்கு" என்றான். தபால்காரர் தடுக்கி விழுந்துவிடுவார், முதலில் ஏணியை எடுத்து ஓரமாக வை என்றான்.

அவன் மனைவி கிளெனிஸ் இறந்த மறுநாள், "வீடு கொஞ்சம் அமைதியா இருக்கு" என்றான். அவ்வளவுதான். நான் உள்ளே போய் அவனுக்கும் சேர்த்து அழுதேன். பதினொரு கைக்குட்டை, போதாமல் ஒரு பாத்திரத் துணி.

அதனால் அவன் பேச்சை எத்தனையால் பெருக்க வேண்டும் என்று இந்தத் தெருவில் யாருக்காவது தெரியுமென்றால் அது எனக்குத்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. வியாழன் என்றால் குப்பை வண்டி. என் தொட்டியையும் சேர்த்து அவன்தான் தெருவோரம் கொண்டுபோய் வைப்பான், காலை எட்டுக்கெல்லாம். ஒன்பதாகியும் என் தொட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. நாலு வார்த்தை திட்டலாம் என்று ஆசையாகப் போனேன். பின்கதவு திறந்துதான் இருந்தது. சமையலறை நாற்காலியில் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு காலில் ஷூ, இன்னொன்று கையில். முகம் மெழுகுவர்த்தி நிறம். நெற்றியில் வேர்வை, நவம்பரில்.

"நல்லாருக்கியா, வாத்து?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "லேசா ஒரு மாதிரி இருக்கு" என்றான்.

முப்பத்தெட்டு வருஷத்தில் அந்த வார்த்தைகளை அவன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. எலும்பு வெளியே தெரிந்தபோதுகூட அவன் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனாலும் என் வாய் தன் பாட்டுக்கு, பாதிரியாருக்குச் சொல்லி அனுப்பவா என்று கேட்டது. "குப்பையை வெச்சிட்டு வந்துடறேன், அப்புறம் வரச் சொல்லு" என்றான். எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. முதுகு என்றான். அதிகாலையிலிருந்தாம்.

அவசர எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு சின்னப் பெண், குரலில் சர்க்கரை. இங்கே ஒருத்தன் செத்துக்கொண்டிருக்கிறான், முகத்தில் பொட்டு ரத்தமில்லை, வேர்வை வாளி வாளியாகக் கொட்டுகிறது, முதுகு இரண்டாகப் பிளக்கிறதாம் என்று பொழிந்தேன். கடைசி விஷயத்தை நெவில் சொல்லவில்லை. பின்னாலிருந்து, "அப்படியெல்லாம் இல்ல" என்றான். அது அவளுக்கும் கேட்டுவிட்டது. அவரிடமே போனைக் கொடுங்கள் என்றாள்.

நெவில் போனை வாங்குவதற்கு முன் நிமிர்ந்து உட்கார்ந்தான், தலையைக்கூடக் கோதிக்கொண்டான். காலங்காத்தாலே தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிப்புக் கேட்டான். நெஞ்சு வலிக்கிறதா? இல்லை. மயக்கம்? லேசாகச் சுற்றியது, உட்கார்ந்துவிட்டான். வலி எவ்வளவு? ஒன்று என்றால் வலியே இல்லை, பத்து என்றால் இதற்கு மேல் நினைத்தே பார்க்க முடியாத வலி. பத்துக்கு எத்தனை சொல்வீர்கள்?

ஜன்னலைப் பார்த்தான். பேரம் பேசுகிறவன் மாதிரி இல்லை, பரீட்சைத் தாள் திருத்துகிறவன் மாதிரி யோசித்தான்.

"மூணு" என்றான்.

"பதிமூணு" என்று நான் பின்னாலிருந்து கத்தினேன்.

போனைக் கையால் மூடினான். "பத்தெல்லாம் நிஜமா கஷ்டப்படுறவங்களுக்கு வெச்சிருக்கணும், ஆவ்ரில்."

பிறகு அந்தப் பெண்ணிடம், உங்களுக்கு இன்றைக்கு வேலை ஜாஸ்தி இருக்கும், வயசானவர்கள் யாராவது காத்திருந்தால் முதலில் அவர்களைப் பாருங்கள் என்றான். அவனுக்கு எழுபத்தாறு வயது. இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு நர்ஸ் திரும்பக் கூப்பிடுவார், அதற்குள் அதிகமானால் உடனே சொல்லுங்கள் என்று அவள் முடித்தாள். மூன்று என்று சொல்கிறவனுக்கு அவள் வேறென்ன செய்வாள்?

எதிர் வீட்டு டிரிஷிடம் கார் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷம். போன் வாங்கும்போது அவன் என்னிடம் கொடுத்த ஷூவோடு ஓடிப்போய் அவள் கதவை அடித்தேன். நெவில் சாகிறான் என்றேன். அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"கிறிஸ்துமஸுக்கு நீ செத்தியே, அந்த மாதிரியா?"

என் தப்புதான். கிறிஸ்துமஸ் விருந்தில் கோலிக்குண்டு அளவு குட்டி முட்டைக்கோஸ் ஒன்று தொண்டையில் சிக்கியதை நான் தெரு முழுக்கச் சொல்லியிருந்தேன். நீண்ட சுரங்கத்தையும், கடைசியில் வெளிச்சத்தையும், அங்கே என் அம்மா குழம்புக் கிண்ணத்தோடு நின்றதையும் சேர்த்து. ஒவ்வொரு வீட்டிலும் சுரங்கம் கொஞ்சம் நீண்டது.

ஆனாலும் வந்தாள். நல்ல மனசு. வீட்டுச் செருப்போடு நெவில் சமையலறை வாசலில் வந்து தலையை நீட்டினாள்.

"நல்லாருக்கியா, நெவ்?"

"அவ்வளவு மோசமில்ல, வாத்து. நீ?"

"குறை சொல்லக் கூடாது."

இரண்டே விநாடி. ஒருவர் கேட்டால் ஒருவர் சொல்ல வேண்டும். தெருவில் யாராவது தொப்பியைத் தொட்டால் நாமும் தொடுவது போல. கேட்கிறவர்கள் பதிலுக்காக நிற்பதில்லை, சொல்கிறவர்களும் உண்மை சொல்வதில்லை. இந்தத் தீவு முழுக்க அப்படித்தான் நடக்கிறது. அந்த மனுஷன் சிரிக்கக்கூடச் செய்தான். டிரிஷ் இன்னும் அரை நிமிஷம் நின்றிருந்தால் மேஜையின் விளிம்பைப் பிடித்திருந்த அவன் விரல்களைப் பார்த்திருப்பாள். வெள்ளை வெளேரென்று இருந்தன. அவள் என் பக்கம் திரும்பி, அவனுக்கு ஒரு டீ போட்டுக் கொடு, உனக்கும் ஒன்று போட்டுக்கொள், உனக்குத்தான் அதிகம் தேவை என்றாள். கொஞ்ச நேரத்தில் அவள் வேலைக்குக் கிளம்ப, கார் போகும் சத்தம் கேட்டது.

இப்போது என் முறை. நான் என்ன செய்தேன் தெரியுமா? கெட்டிலை வைத்தேன்.

அவன் பேச்சை எத்தனையால் பெருக்க வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் நான். ஆனால் மூணு என்று அவன் சொல்கிறான், இரண்டு மணி நேரம் என்று அந்தப் பெண் சொல்கிறாள், டீ என்று டிரிஷ் சொல்கிறாள். என் வாயைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்? அந்த நேரத்தில் நானே என்னை நம்பவில்லை.

டீ கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தான். நல்ல டீ என்றான். தெருவில் குப்பை வண்டி வந்து, எங்கள் வாசலில் நிற்காமல் போனது. உன் தொட்டி, என்றான், வருத்தமாக. அவன் மூச்சு சின்னச் சின்னதாக வந்தது.

"ஆவ்ரில்" என்றான். "மூணுன்னு சொன்னது கொஞ்சம் குறைச்சலோன்னு தோணுது."

"எத்தனை?"

"நாலா இருக்கலாம்." கோப்பையைப் பார்த்தபடி சொன்னான். "மறுபடி கூப்பிட்டா தொந்தரவா நினைப்பாங்களோ?"

நான் ஏற்கெனவே எண்ணை அழுத்திக்கொண்டிருந்தேன். மறுமுனையில் எடுப்பதற்குள் அவன் கோப்பையைத் தட்டோடு தள்ளி வைத்தான், ஒரு சொட்டு சிந்தாமல். பிறகு தலையை அந்த இடத்தில் வைத்துக்கொண்டான்.

இந்த முறை நான் எதையும் கூட்ட வேண்டியிருக்கவில்லை. மூச்சு இல்லை என்றேன். வண்டி பதினொரு நிமிஷத்தில் வந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அவன் மார்பை அமுக்கினேன், அதனால் சரியாகத் தெரியும். வந்த இருவரும் தரையில் மண்டியிட்டு வெகுநேரம் பாடுபட்டார்கள். வயிற்றுக்குள் இருக்கும் பெரிய ரத்தக்குழாய், காலையிலிருந்தே கசிந்துகொண்டிருந்திருக்கும் என்றார் மூத்தவர். அந்த வலிக்கு ஆட்கள் தரையில் புரண்டு அலறுவார்களாம். இவர் ஒன்றும் சொல்லவில்லையா என்று என்னைக் கேட்டார்.

சாயங்காலம் ஸ்காட்லாந்தில் இருக்கும் அபர்டீனிலிருந்து அவன் மகள் ஜனீன் கூப்பிட்டாள். அவளுக்குச் சொல்ல மத்தியானமெல்லாம் ஒரு கதை செய்து வைத்திருந்தேன். ஜன்னல் வழியே வெயில் விழுந்தது, கிளெனிஸின் பெயரைச் சொன்னான், குழந்தை மாதிரி தூங்கிப் போனான், என்று. எல்லாம் சேர்த்திருந்தேன். ராபின் குருவிகூட ஒன்று இருந்தது.

"ஆன்ட்டி, அப்பாவுக்கு ரொம்ப வலிச்சுதா?"

வாயைத் திறந்தேன். குருவி வரவில்லை.

"மூணுன்னான்" என்றேன். "பத்துக்கு. அப்புறம் நாலுன்னு மாத்திக்கிட்டான்."

மறுமுனையில் அவள் வீட்டு வாசலில் ஒரு பஸ் நின்று கிளம்பிப் போவது கேட்டது.

"நாலா?" என்றாள். "அப்பாவா நாலுன்னாரு?"

"ஆமா, வாத்து."

பிறகு அவள் அலறினாள். அந்த வீட்டு மனிதர்கள் யாரும் அப்படி அலறி நான் கேட்டதில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமல் கடைசி வரை கேட்டேன்.