சிங்கம் போட்ட எஞ்சின்

என் புருஷன் சிவசாமி என்னைத் தொட்டதைவிட அந்தப் பொம்மை ரயிலைத் தொட்டதுதான் அதிகம். தேயிலை ஃபாக்டரியில் நாளெல்லாம் எண்ணெய்க் கையோடு திரிகிற மனுஷன், அதைத் தொட மட்டும் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். கறுப்பு எஞ்சின் ஒன்று, பச்சை எஞ்சின் ஒன்று. துண்டு துண்டாக வந்ததை அவரே திருகாணி போட்டுப் பூட்டினார். எப்போது வந்தது என்று கேட்டால், “ரெண்டும் நம்ம கல்யாணத்துக்கு முந்தியே வந்திருச்சு” என்பார்.

கொடுத்தவள் பங்களா ஆயா அம்மாக்கண்ணு. துரை பிள்ளைகள் கழித்துப்போட்டதெல்லாம் அவளுக்குத்தான். இவருக்கும் அவளுக்கும் ஒரு காலத்தில் பேச்சு இருந்தது தோட்டத்துக்கே தெரியும். முந்தி நடந்தது போய்த் தொலையட்டும். ஆனால் பச்சை எஞ்சினில் சக்கரத்தின் மேல் சிங்கம் நிற்கிற படம் ஒன்று போட்டிருந்தது. நம் இலங்கைக் கொடிச் சிங்கம் என்றே நினைத்தேன். அந்தக் கொடி ஏறிய வருஷம்தான், நாற்பத்தெட்டில், எங்கள் கல்யாணம். அப்புறம் எப்படி இது முந்தி வந்ததாகும்?

வட்டகொடை ஸ்டேஷன் மாஸ்டர் பேரின்பநாயகத்துக்கும் இந்தப் பொம்மை ரயில் பைத்தியம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அவரைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கேட்டேன்.

“ஐயா, இது நம்ம நாட்டுச் சிங்கமுங்களா?”

சிரித்தார். “இல்லையம்மா, இங்கிலாந்துச் சிங்கம். கறுப்பில எல்.எம்.எஸ். எண்டு கிடக்குதல்லோ, அது அங்கத்தைய பழைய ரயில் கம்பனியின்ர பேர். நாற்பத்தெட்டில அரசாங்கம் எல்லாக் கம்பனியளையும் எடுத்தது. பிறகுதான் இந்தச் சிங்கம் வந்தது. பச்சை, ஐம்பதுக்குக் கிட்டத்தான் இருக்கும்.”

சிங்கம் வேறானாலும் என் கணக்குத் தப்பவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் படி இறங்கியதும் இவரைப் பிடித்துக்கொண்டேன்.

“நல்லா இருக்குங்க! தாலி கட்டின பொறவும் அவ கையால வாங்கியிருக்கீங்க. என்னைய என்ன கேணச்சின்னு நெனச்சீங்களா?”

“தப்பா நெனைக்காத லெச்சுமி,” என்றார், தரையைப் பார்த்து. “நீ மாசமா இருந்தப்ப, பொறக்கப்போற புள்ளைக்குன்னு குடுத்துச்சு. அது தங்காமப் போயிருச்சு. ஒங்கிட்ட எப்படிச் சொல்றது?”

பாவம் அம்மாக்கண்ணு என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அந்தப் பிள்ளை வயிற்றில் இரண்டு மாதம்கூட நிற்கவில்லை. கண் பட்டுவிடும் என்று பெற்ற ஆத்தாளிடமும் நான் வாய் திறக்கவில்லை. இவர் காதில் மட்டும்தான் சொன்னேன்.

“ஏங்க,” என்றேன். “நான் மாசமா இருந்தது அவளுக்கு எப்படிங்க தெரியும்?”

அவர் பச்சை எஞ்சினை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். கை கழுவவில்லை.