அட்மிரலின் பின்பலகை

படகைக் கடலிலிருந்து ஏற்றி, வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் இரண்டு மரத்தாங்கிகளின் மேல் உட்கார வைத்த அன்றைக்கே அவர் ஒரு கோப்பைத் திறந்துவிட்டார். மேலட்டையில் சிவப்பு மையில் "படகு மேம்பாட்டுத் திட்டம்: முதற்கட்டம்" என்று எழுதியிருந்தது. இரண்டாம் கட்டம் என்று ஒன்று கிடையாது. ஆனால் முதற்கட்டம் என்று போட்டால்தான் கோப்புக்கு ஒரு களை வரும் என்பதை இருபத்தாறு வருட அலுவலக வாழ்க்கையில் அவர் கண்டுபிடித்திருந்தார்.

படகு என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பதினைந்தடி நீளம், ஃபைபர் உடம்பு, பின்னால் தொங்கும் ஒரு மோட்டார். மூன்று பேர் ஏறினால் நாலாவதாக மீனுக்குத்தான் இடம். ஆனால் படகு வருவதற்கு ஆறு மாதம் முன்னாலேயே அவர் நங்கூரம் தைத்த வெள்ளைத் தொப்பி ஒன்றை வாங்கிவிட்டார். அன்றிலிருந்து அவருடைய கொழுந்தியாள் அவரை அட்மிரல் என்றே கூப்பிட்டாள். கிண்டல் என்று தெரியாமல் இல்லை. இருந்தாலும் கேட்கச் சுகமாக இருந்ததால் விட்டுவிட்டார்.

அந்தப் படகில் உண்மையில் மீன் பிடிப்பவள் அவர் மனைவி. பல் ஆஸ்பத்திரியில் சொத்தையைச் சுரண்டி அடைப்பதும் பல் கட்டுவதும் அவள் வேலை. வாரத்தில் ஒரு விடுமுறை நாளில் விடியும்போது படகை இறக்கி, மதியம் வரை தண்ணீரில் இருந்துவிட்டு வருவாள். அந்த அரை நாளுக்காகத்தான் மற்ற ஆறரை நாளையும் பொறுத்துக்கொள்கிறாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஆறரை நாளில் தானும் அடக்கம் என்பது மட்டும் அட்மிரலுக்குத் தெரியாது. அவர் கூடப் போவார், படம் எடுப்பார், கரையில் இறங்கியதும் "இன்னைக்கு நாங்க புடிச்சது" என்று குரூப்பில் போடுவார்.

கடல் கொந்தளிக்கும் நான்கு மாதம் யாரும் படகை இறக்குவதில்லை. அவரவர் கொட்டகையில் வைத்துச் சுரண்டுவார்கள், பூசுவார்கள். சீசன் தொடங்குவதற்கு முன்னால் துறைமுக ஆய்வாளர் வந்து ஒவ்வொரு படகையும் தட்டிப் பார்ப்பார். படகுத்துறையில் இருப்பது முப்பதே இடம். தேறாத படகின் இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். பட்டியல் ஏழெட்டு வருட நீளம்.

ஆய்வுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது கோப்பில் பதினோரு பணிகள் இருந்தன. நீல விளக்கு வரிசை, சுழலும் நாற்காலி, தூண்டில் தாங்கி நான்கு, டம்ளர் வைக்கும் வளையம், மூன்று சுருதியில் ஊதும் ஹார்ன். எல்லாம் அட்டைப்பெட்டிகளாக வந்து கொட்டகைச் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன.

"அத்தான், ஹார்ன் எதுக்கு? மீனை ஓரமா ஒதுங்கச் சொல்லவா?" என்று கொழுந்தியாள் வாசலில் நின்று கேட்டாள்.

"பாதுகாப்பு அம்சம்மா அது. உனக்குப் புரியாது."

"புரியுது, புரியுது. மீனுக்குப் புரிஞ்சா சரி."

அவர் ஹார்னை எங்கே பொருத்தலாம் என்று அளந்துகொண்டிருந்தபோது மனைவி வேலையிலிருந்து வந்தாள். பையைக்கூட வைக்காமல் படகின் பின்பக்கம் போனாள். மோட்டாரைத் தாங்கும் பின்சுவருக்குப் பின்பலகை என்று பெயர். வெளியே ஃபைபர், உள்ளே கனமான பிளைவுட். திருப்புளியைத் தலைகீழாகப் பிடித்து அதன் கைப்பிடியால் தட்டினாள். மேலே 'டக் டக்' என்றது. கீழே வர வர 'தொப் தொப்' என்றது.

ஒரு திருகாணியைக் கழற்றினாள். ஓட்டையிலிருந்து பழுப்பாக ஒரு சொட்டு வந்தது. பிறகு ஒன்று. பிறகு அது நிற்கவே இல்லை.

"இது என்னங்க?" பின்பலகையின் கீழ்ப்பகுதியில் பொட்டுப் பொட்டாக வெள்ளை அடைப்புகள் இருந்தன. விரலை வைத்து எண்ணினாள். பன்னிரண்டு.

போன சீசனில் அவர் மீன் காட்டும் திரை ஒன்று வாங்கியிருந்தார். அதன் உணர்கருவியைப் பின்பலகைக்கு வெளியே, தண்ணீருக்குள் இருக்கும்படி பொருத்த வேண்டும். முதல் தடவை உயரம் சரியில்லை. இரண்டாம் தடவை கோணம் சரியில்லை. மூன்றாம் தடவை முதல் தடவையே சரி என்று தோன்றியது. ஒவ்வொரு தடவைக்கும் நான்கு திருகாணி.

"அதெல்லாம் அடைச்சுட்டேனே."

"எதை வச்சு?"

"பாத்ரூம் டைல்ஸுக்கு வாங்கின வெள்ளை சிமெண்ட் மிச்சம் இருந்துச்சு. பாக்கெட்ல வாட்டர்ப்ரூஃப்னு போட்டிருந்துச்சும்மா."

அவள் திட்டியிருந்தால் அவருக்குப் பதில் தயாராக இருந்தது. தயாரிப்புக் குறைபாடு, உப்புக் காற்று, பொதுவாகவே இந்தக் காலத்துச் சிமெண்ட் என்று மூன்று பதில்கள். அவளோ அந்த ஓட்டையிலிருந்து சொட்டுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றையும் அவர் விழுங்கிக்கொண்டார்.

மறுநாள் பெரிய படகுப் பட்டறைக்குப் போன் செய்தார். தன் பதவியைச் சொன்னார். மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, சீசன் தொடங்கி மூன்றாம் வாரம் கொண்டுவரச் சொன்னார்.

"நானே பண்றேன்" என்றாள் மனைவி.

"நீ பல்லு கட்டுறவ. இது படகு."

"உள்ள அழுகினதை எடுக்கணும், காய வைக்கணும், அடைக்கணும். தினம் நான் பாக்கிற வேலைதான். என்ன, இது வாயைத் திறந்துக்கிட்டு அழாது."

அவள் படகின் உள்பக்கம் ஏறி, கட்டிங் மெஷினால் உள்பக்க ஃபைபர் தோலை மட்டும் சதுரமாக அறுத்து எடுத்தாள். வெளித்தோலில் ஒரு கீறல் விழவில்லை. உள்ளே இருந்த பிளைவுட் ஊறிய ரொட்டி மாதிரி கையோடு வந்தது. பெரியதை உளியால் எடுத்தாள். மூலையில் ஒட்டியிருந்ததை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த வளைந்த கொக்கியால் சுரண்டினாள். கைக்கு எட்டாத இடத்தில், பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை நீட்டி, விளக்கைச் சாய்த்துப் பார்த்தாள். கறுப்பாக ஒரு நார் மிச்சம் இருந்தால்கூட விடவில்லை. அட்மிரல் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். விளக்குப் பிடிப்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட பணி. கோப்பில் அது இல்லை.

"கொஞ்சம் இடது பக்கம். இடதுங்க. உங்க இடது இல்ல, படகோட இடது."

அவருக்கு வியர்த்தது. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பை நகர்த்தும் அதே விரல்கள்தான். இத்தனை வருடமாக அந்த விரல்களுக்கு என்னென்ன தெரியும் என்று அவர் கேட்டதே இல்லை.

பிறகு காய வைக்க வேண்டும். மின்விசிறியும் சூட்டு விளக்கும் வைத்தாள். தினமும் மாலை பின்பலகையின் உள்பக்கத்தில் கைக்குட்டை அளவு பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டுவாள். காலையில் தாளின் உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். துளிகூட இல்லாத நாளில்தான் எபாக்ஸி என்கிற படகுப் பிசினைப் பூசலாம். அவள் வேலைக்கு முன்னதாகவே கிளம்பிவிடுவதால், தாளைப் பார்த்துப் போனில் சொல்வது அட்மிரலின் பொறுப்பு.

எட்டு நாள் கோத்தது. ஒன்பதாம் நாளும் கோத்தது. பத்தாம் நாள் காலை அவர் காலண்டரைப் பார்த்தார். இன்று பிசின் பூசினால்தான் நிம்மதி. நாளைக்குப் பூசினால் நெருக்கடி. அதற்கு மேல் போனால் ஆய்வுக்குள் முடியாது.

தாளைத் தூக்கினார். இருந்தது. நிறைய இல்லை. சட்டை நுனியால் ஒரு துடை துடைத்தால் தீர்ந்தது.

போன் அடித்தது. "எப்படி இருக்கு?"

அவர் வாய் தானாகவே 'திருப்திகரமான முன்னேற்றம்' என்று சொல்லத் திறந்தது. இருபத்தாறு வருடத்தில் எத்தனை அறிக்கை! கூரை ஒழுகிய கட்டடம் திருப்திகரம். கதவே இல்லாத கிடங்கு திருப்திகரம். எதுவும் இடிந்து விழுந்ததில்லை. விழுந்திருந்தாலும் அப்போது வேறொருவர் மேற்பார்வையில் இருந்திருக்கும். ஆனால் இந்தச் சுவரில் மோட்டார் தொங்கும். மோட்டாருக்கு முன்னால் அவள் உட்காருவாள், கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில்.

"என்னங்க, லைன்ல இருக்கீங்களா?"

"இரு, எண்ணிட்டுச் சொல்றேன்" என்றார். எண்ணினார். "இருபத்தி மூணு சொட்டு."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "எண்ணவா சொன்னேன்? சரி, பரவால்ல. இன்னும் ஒரு நாள் போகட்டும். நான் லீவு எழுதிக் கொடுத்துட்டு வரேன், நாளைக்குச் சேர்த்துப் புடிச்சுக்கலாம்."

தன் வாழ்க்கையில் மெருகு பூசாமல் சமர்ப்பித்த முதல் அறிக்கை அதுதான் என்பது அவருக்குக் கொஞ்ச நேரம் கழித்தே உறைத்தது. பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை.

பதினோராம் நாள் தாள் வெயிலில் உலர்த்திய கண்ணாடி மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு வேலை பறந்தது. புதிய பிளைவுட் இரண்டு அடுக்கை வெட்டி, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, பிசின் பூசி ஒட்டி, பதினாறு கிளாம்பு போட்டு இறுக்கினாள். மேலே கண்ணாடி இழைத் துணியை விரித்து, காற்றுக் குமிழ் ஒன்றில்லாமல் உருளையால் நீவினாள். தேய்ப்பது அட்மிரலின் பங்கு. மூன்று நாள் தேய்த்தார். தும்மினால்கூட வெள்ளையாக வந்தது.

மோட்டார் போல்ட்டுக்கு ஓட்டை போட்டபோதுதான் அவருக்குத் தலை சுற்றியது. வேண்டியதைவிடப் பெரிதாகத் துளைத்தாள். அதை முழுக்கப் பிசினால் அடைத்தாள். அது கல்லாக இறுகியதும் நடுவில் சரியான அளவில் மறுபடி துளைத்தாள்.

"துளைச்சதை அடைக்கிற, அடைச்சதைத் துளைக்கிற. எங்க ஆபீஸ்லகூட இப்படி நடக்காதும்மா."

"இனிமே அந்த வழியா தண்ணி வந்தா பிசினைத்தான் பாக்கும். மரத்தைப் பாக்கவே பாக்காது."

அவர் அந்த ஓட்டையைக் கிட்டப் போய்ப் பார்த்தார். சுற்றிலும் தேன் நிறத்தில் ஒரு வளையம். இவ்வளவு எளிதான, இவ்வளவு அழகான விஷயத்தை எந்தச் சுற்றறிக்கையிலும் அவர் படித்ததில்லை.

கடைசியில் மீன் காட்டும் கருவி. அதை அவள் குப்பையில் போடுவாள் என்றுதான் நினைத்தார். அவளோ உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் கட்டை ஒன்றைப் பின்பலகைக்கு வெளியே பிசினால் ஒட்டினாள்.

"இனி எத்தனை தடவை வேணும்னாலும் கழட்டி மாட்டுங்க. ஆனா இந்தக் கட்டையில மட்டும். பலகைப் பக்கம் திருப்புளி போச்சுன்னா கையை ஒடிச்சிடுவேன்."

"அத்தானுக்குன்னு தனியா ஒரு விளையாட்டுத் திடல்" என்றாள் கொழுந்தியாள். அவர் கோபப்படவில்லை. கட்டையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

நாற்காலிக்கும் ஹார்னுக்கும் நீல விளக்குக்கும் நேரம் இல்லாமல் போயிற்று. பெட்டிகளைப் பிரிக்காமலே பரணில் ஏற்றினார்கள்.

ஆய்வு நாளன்று படகுத்துறையில் முப்பது படகும் வண்டிகளின் மேல் வரிசையாக நின்றன. ஆய்வாளர் அம்மாள் அதிகம் பேசாதவர். கையில் சின்ன ரப்பர் சுத்தியல். முன்னால் இருந்த படகின் சொந்தக்காரர் பளபளக்கும் புதுப் பெயிண்டைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். அம்மாள் பெயிண்டின் மேல் ஒரு தட்டுத் தட்டி, அட்டையில் சிவப்பாக ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்தார். அந்த மனிதர் வாய் மூடாமல் நின்றார்.

அடுத்து அம்மாள் இவர்களுடைய படகின் பின்பலகையைத் தட்டினார். டக். கீழே தட்டினார். டக். மூலையில் தட்டினார். டக். மோட்டாரின் அடிக்காலில் தன் காலை வைத்து, முழு எடையும் கொடுத்து அழுத்தினார். பலகை முனகக்கூட இல்லை. குனிந்து போல்ட்டைச் சுற்றியிருந்த தேன் வளையத்தைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் ஏதோ அசைந்தது.

"எந்தப் பட்டறையில செஞ்சீங்க?"

மனைவி பெட்ரோல் குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்தியாள் அத்தானைப் பார்த்தாள். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, அவர் ஒரு அடி முன்னால் வந்தார். போச்சு என்று நினைத்தாள் அவள்.

"மேடம், இது பட்டறையில செஞ்சது இல்ல. இதைச் செஞ்சது இவங்க. என் வீட்டுக்காரம்மா. நான் விளக்குப் புடிச்சேன்."

"அப்படியா?" அம்மாள் பச்சைக் கோடு போட்டார். அத்துடன் நகர்ந்திருப்பார். ஆனால் அட்மிரல் இன்னும் முடிக்கவில்லை.

"ஓட்டையை முதல்ல பெருசா போடணும் மேடம். ஏன் பெருசா? அங்கதான் விஷயமே இருக்கு..."

அம்மாள் அடுத்த படகுக்குப் போனார். அவரும் கூடவே போனார். அம்மாள் தப்பித்த பிறகு, சிவப்புக் கோடு வாங்கியவரைப் பிடித்துக்கொண்டார். பிளாஸ்டிக் தாளைப் பற்றிச் சொன்னார். இருபத்து மூன்று சொட்டைப் பற்றிச் சொன்னார். குட்டிக் கண்ணாடியை எப்படிச் சாய்க்க வேண்டும் என்று வெறுங்கையால் நடித்துக் காட்டினார். பெருமை எல்லாம் பழைய பெருமைதான், குரலும் அதேதான். ஒவ்வொரு வாக்கியமும் "அவ என்ன பண்ணினான்னா" என்று தொடங்கியதுதான் புதிது. எட்டுப் பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

"அக்கா, அத்தான் மறுபடி ஆரம்பிச்சுட்டார். போய்க் கூட்டிட்டு வரட்டா?"

"வேண்டாம், பேசட்டும். நீ கயித்தை அவிழ்த்து விடு."

மனைவி படகைச் சரிவில் இறக்கி, மோட்டாரை ஒரே இழுப்பில் உயிர்ப்பித்தாள். சத்தம் கேட்டு அட்மிரல் திரும்பினார். கையைத் தூக்கினார். படகு ஏற்கெனவே துறை வாயைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து தெரிந்ததெல்லாம் அவள் முதுகும், அதற்குக் கீழே வெள்ளையாக அந்தப் பின்பலகையும்தான்.

"உங்களை விட்டுட்டுப் போறாங்களே சார்" என்றார் சிவப்புக் கோட்டுக்காரர்.

"அதை விடுங்க" என்றார் அட்மிரல், நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு. "மோட்டார் முழு வேகத்துல போகுது. பலகை ஒரு மயிரிழை ஆடுதான்னு மட்டும் பாருங்க."