இசக்கியின் மெமோவில் ஒரு வினைச்சொல்

"பேசலைன்னு எழுதுடா."

"பேசினியா இல்லையாக்கா?"

"அது உனக்கு எதுக்கு? இங்கிலீஷ் உனக்குத்தான் வரும். எழுது. அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும்."

1

இந்தக் கதை ஒரு மெமோவிலிருந்து வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1973, தியாகராய நகர். என் அக்கா இசக்கியம்மாள் வெளியூர் அழைப்புகளை இணைத்துக்கொடுக்கும் டிரங்க் கால் ஆபரேட்டர். 'பணி நேரத்தில் வாடிக்கையாளரிடம் டாக் செய்தது ஏன்?' என்று அந்த மெமோவில் ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்கள். விளக்கம் சரியில்லையென்றால் வேலை போய்விடும். எங்கள் வீட்டில் வேலை என்று இருந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

விளக்கம் எழுத உட்கார்ந்த நான், அகராதியைத் திறந்தேன்.

2

'டாக்' (talk), அதாவது பேசுவது, என்பது கதை என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல் ஒன்றின் உறவாம். அதன் கடைசி ஒலி, ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்வதைக் குறிக்கலாமாம். (குறிக்கலாம்! அகராதிக்கே நிச்சயமில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. மணி மூன்றரை ஆகியிருந்தது பிடிக்கவில்லை.) அப்படியானால் ஒரே ஒரு முறை வாய் திறந்தவள்

[இந்த வாக்கியத்தை விட்டுவிடுகிறேன். அக்காவை இது காப்பாற்றாது.]

3

நடந்தது இதுதான். தேவானை என்ற அம்மாள் வியாழக்கிழமைதோறும் அடையாறு தபால் நிலையத்துக்கு வந்து, பம்பாயில் இருக்கும் மகனுக்குப் பி.பி. கால் போடுவார். குறிப்பிட்ட ஆள் வந்தால்தான் இணைப்பு; அதுவரை இரண்டு முனைகளும் ஆபரேட்டரின் காதில் மட்டும். நான்கு வாரமும் "ஆள் இல்லை" என்ற பதில். நான்கு வாரமும் அதற்குப் பின்னால், "இல்லைன்னு சொல்லிடு" என்ற ஒரே ஆண்குரல்.

ஐந்தாவது வியாழன் மழை [இல்லை. நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில்தான் இந்த இடத்தில் மழை பெய்யும்.]

"இன்னாம்மா, கீறானா?" என்றார் தேவானை.

'பார்ட்டி இல்லை' என்பதுதான் அக்கா சொல்ல வேண்டியது. அவள் சொன்னது வேறு: "இருக்காரும்மா. இல்லைன்னு சொல்லச் சொல்றாரு."

சூப்பர்வைசர் லைனில் கேட்டுக்கொண்டிருந்தார்.

4

முதல் வரைவு: 'நான் பேசவில்லை.' பொய்.

இரண்டாவது: 'டாக் என்பதன் வேரை நோக்கும்போது…'

"வேரா? வேலையோட வேரையே புடுங்கிடுவ போலிருக்கே."

மூன்றாவது: 'அந்த அம்மாள் அழுதபடியால் இரக்கப்பட்டு…'

"அவங்க அழலைடா."

"அழுதாங்கன்னு வெச்சா நல்லா இருக்கும்க்கா."

"உன் கதைக்கு நல்லா இருக்கும்." செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "ஒண்ணு கேட்டாங்க. அதுக்குள்ள சூப்பர்வைசர் லைனைக் கட் பண்ணிட்டாங்க."

என்ன கேட்டார் என்று சொன்னாள். நாலேகால்.

5

என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில் அவளை எச்சரித்து விட்டுவிடுகிறார்கள். இன்னொன்றில், வேலை போய், மறுநாள் காலை அவள் வீட்டில் இருக்கிறாள். இரண்டையும் எழுத எனக்குப் பயமாக இருக்கிறது.

நான்காவது வரைவில், என்ன நடந்ததோ அதை மட்டும் ஆங்கிலத்தில் எழுதினேன். கடைசி வரி ஆங்கிலத்தில் வரவில்லை. அந்த அம்மாள் கேட்டபடியே தமிழில் எழுதிவிட்டேன். அக்கா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த வரியையே பார்க்கிறாள். பஸ் வரும் நேரம். கையெழுத்துப் போடுவதா, கிழித்துவிட்டு முதல் வரைவை எடுப்பதா, வாசகரே, அதை நீங்கள் முடிவு செய்யுங்கள். தாளின் கடைசி வரி இது:

"அவன் கொரலு எப்டி கீது கண்ணு, சளி புட்ச்சிக்கினு கீதா? அத மட்டும் சொல்லேன்."