பாதித் தண்ணீர்

பிரேத வண்டி வளைவில் திரும்பிய சத்தம் அடங்குவதற்குள், மூக்காயி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு வாளிகளோடு ஹாலுக்கு வந்துவிட்டாள். குசினிக் குடம், குளியலறை வாளி, பின்பக்கத்துப் பீப்பாய் எல்லாம் ஏற்கெனவே கவிழ்ந்து கிடந்தன. சவம் எடுத்த வீட்டில் பழைய தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இருக்கக் கூடாது. ஆண்கள் மயானத்திலிருந்து திரும்புவதற்குள் கொட்டிக் கழுவி முடித்துவிட வேண்டும். மிச்சமிருந்தது சுவரோரத்து நாலடிக் கண்ணாடி மீன்தொட்டி மட்டும்தான்.

மூலையில், பாயில் உட்காரவைக்கப்பட்டிருந்த கஜலட்சுமி, நாத்தனாரின் கை தொட்டி மூடிக்குப் போவதைப் பார்த்தாள்.

"மதினி, அதுல கைய வைக்காதீங்க."

புருஷன் போனபிறகு அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். மகள் லோஜினி துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"நீ ஒக்காரு கஜா. இன்னைக்கு நீ எந்திரிக்கக் கூடாது. நாங்க பாத்துக்குறோம்."

"நீங்க பாத்துக்கிட்டதுதான் தெரியுதே."

தெரியத்தான் செய்தது. அவள் புருஷன் வீரசிங்கம் கண்டி டவுனில் பல்பும் வயரும் விற்கிற கடையில் காலமெல்லாம் நின்றவர். ஊருக்கெல்லாம் வெளிச்சம் விற்றாலும் இந்தத் தொட்டிக்கு அளந்துதான் கொடுப்பார். காலையில் கொஞ்ச நேரம், சாயந்தரம் கொஞ்ச நேரம், நடுவில் மதியத்துக்கு ஓய்வு. அதற்கென்று ஒரு டைமர். கஜலட்சுமிக்கே அந்த வீட்டில் மதிய ஓய்வு கிடையாது. பாசிக்குப் பயந்து தொட்டிக்கு உண்டு.

முந்தாநாள், உடலைக் கிடத்தி ஒப்பாரி உச்சத்துக்குப் போன மதியத்தில், டைமர் தன் கடமையைச் செய்தது. லைட் டக்கென்று அணைந்தது. "ஐயோ, தம்பி போனதுக்கு வெளக்கும் கூடப் போயிருச்சே!" என்று மூக்காயி வைத்த கூப்பாட்டில், அதுவரை அழாத நாலு பேரும் அழுதார்கள். யாரோ ஒரு புண்ணியவான் டைமரைப் பிடுங்கிவிட்டு வயரை நேராகச் செருகினான். சாவு வீட்டில் லைட் அணையக் கூடாதாம். அன்றிலிருந்து இரவும் பகலும் எரிகிறது. போதாததற்குத் தேத்தண்ணியோடு கொடுத்த மாரி பிஸ்கட்டில் பாதியை ஜனங்கள் தின்றார்கள், மீதியை நொறுக்கி மீனுக்குப் போட்டார்கள். இப்போது தண்ணீர், கீரை அலசிய சட்டி மாதிரி இருந்தது. மீன்களெல்லாம் மேலே வந்து நின்றன.

"பாரு, வாயத் தொறந்து தொறந்து மூடுது. பசி."

"பசியில்ல மதினி. மூச்சு முட்டுது."

சொன்னபிறகுதான் அந்த வார்த்தை எங்கே போய் இடித்தது என்று இருவருக்கும் தெரிந்தது. வீரசிங்கமும் அன்று விடியலில் கட்டிலில் உட்கார்ந்து அப்படித்தான் வாயைத் திறந்து திறந்து மூடினார். தொட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

மூக்காயி வாளியைத் தொட்டிப் பக்கம் நீட்டினாள். "அதுக்குத்தான் சொல்றேன். மீன வாளியில போட்டு யாருக்காவது குடுத்துட்டு, தண்ணியக் கொட்டிருவோம். தீட்டுத் தண்ணி. வயசுப் புள்ள இருக்க வீடு."

கஜலட்சுமி எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்ததால் அந்த எழுச்சியில் பெரிய கம்பீரம் இல்லை; சுவரைப் பிடித்து, நொண்டி, தொட்டிக்கும் நாத்தனாருக்கும் நடுவே வந்து நின்றாள்.

அவளுக்கு இந்தத் தொட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு மனிதர் ஓதியதெல்லாம் காதில்தான் விழுந்திருக்கிறது. "வெளிச்சத்தக் கூட்டுனா செடி சாப்பாடு கேக்கும் கஜா. அது கேக்குறப்ப ஒரம் குடுக்கலன்னா செடி சோந்துரும், பாசி வந்து எடத்தப் புடிக்கும். ஒரத்த அள்ளிப் போட்டாலும் பாசிதான் திங்கும். ரெண்டும் சமமா நிக்கணும்." அவள் திருப்பிச் சொல்வாள்: "அப்ப பாசியவே வளத்துருங்க. இந்த வீட்டுல கொற சொல்லாம வளருறது அது ஒன்னுதான்."

"எல்லாத்தையும் கொட்டுனா மீன் தாங்காது மதினி. செடியெல்லாம் சாஞ்சிரும்."

"தம்பியே போயிட்டான். செடி என்னாடி செடி!"

"அவரு போயிட்டாருதான். இதையும் ஏன் கூட அனுப்பணும்?"

மூக்காயி வாளியைக் கீழே வைத்தாள். ஆனால் கைப்பிடியை விடவில்லை. புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் கங்காணிமாரையே பேசி மடக்கியவள்.

"அதுக்காகத் தீட்ட வீட்டுல வச்சுக்குவியா?"

"பாதி கொட்டுறேன்."

"பாதித் தீட்டுன்னு ஒன்னு இருக்கா?"

"ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம அவரே பாதி எடுத்துட்டுப் புதுசு ஊத்துவாரு. இன்னைக்குப் பாதி. நாளைக்கு அதுல பாதி. நாளன்னைக்கு அதுல பாதி. எட்டாம் நாளு படைக்கிறதுக்குள்ள பழசு ஒரு சொட்டு இருக்காது."

கணக்கியல் படிக்கிற லோஜினி, பாதியில் பாதியாக எடுத்துக்கொண்டே போனால் அது எந்தக் காலத்திலும் தீராது என்று சொல்ல வாயைத் திறந்தாள். அம்மா பார்த்த பார்வையில் கணக்கு சரியாகிவிட்டது.

"எட்டுக்குள்ள போயிரணும்," என்றாள் மூக்காயி.

"போயிரும்."

ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டியில் விட்டு, மறுமுனையைக் கஜலட்சுமி வாயால் உறிஞ்சினாள். அவர் செய்யும்போது ஒரு சொட்டு வாயில் படாது. இவளுக்கு முதல் மடக்கு நேராகத் தொண்டைக்குப் போனது. அசல் மாரி பிஸ்கட் ருசி. காறித் துப்பிவிட்டு மறுபடி உறிஞ்சினாள். தண்ணீர் ஓடிவந்தது. மூக்காயி வாளி வாளியாக வாசலில் கொண்டுபோய், தீட்டு திரும்பி வந்துவிடாத தூரத்துக்கு வீசி ஊற்றினாள். லோஜினி பைப் தண்ணீரைப் பிடித்து, குளோரீன் முறிக்கிற சொட்டு மருந்தைக் கலந்து, சுவரோரமாக மெல்ல இறக்கினாள்.

தொட்டிக்கு அடியில் ஒரு போத்தல் இருந்தது. சீனியும் ஈஸ்ட்டும் போட்டுப் புளிக்கவைத்து, அதில் கிளம்பும் வாயுவை வீரசிங்கம் குழாய் வழியே செடிகளுக்கு விடுவார். லைட் இல்லாதபோது செடிக்கு அது வேண்டாம். கஜலட்சுமி குழாயைக் கழற்றியதும் மூக்காயி மூக்கைச் சுருக்கினாள்.

"அடப்பாவி, தம்பி வீட்டுலயே கசிப்புச் சாராயம் காச்சுனானா?"

"அது செடிக்கி மதினி."

"செடிக்கி!"

மூக்காயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீட்டில் இது என்ன அசிங்கம் என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. குலுங்கியது நிற்கவில்லை. கஜலட்சுமி அந்தப் பக்கம் பார்க்காமல், மிதந்த பிஸ்கட்டை வடிகட்டியால் அள்ளிக்கொண்டிருந்தாள்.

கடைசியாக லைட்டின் சுவிட்சில் கைவைத்தாள்.

"அணைக்காதடி."

"மூனு நாளைக்கு இதுல வெளிச்சமே படக் கூடாது மதினி. பாசி செத்துரும், செடி தாங்கிக்கும். வெளக்குத்தான் அங்க எரியுதே."

உடல் கிடந்த இடத்தில் குத்துவிளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மூக்காயி அதைத் திரும்பிப் பார்த்தாள். கஜலட்சுமி அணைத்தாள்.

பகல் வெளிச்சமும் படாமல் மூட வேண்டும். கனமான துணி எதுவென்று சுற்றிப் பார்த்தாள். வாசற்படியோரம், வெளியே எறிவதற்காக மூக்காயி கட்டி வைத்திருந்த மூட்டை: அவருடைய தலையணை, படுக்கை விரிப்பு, நுவரெலியாக் குளிருக்கென்று வாங்கி கண்டிப் புழுக்கத்திலும் விடாமல் போர்த்திய கறுப்புக் கம்பளி. செத்தவர் படுத்ததை வீட்டில் வைக்கக் கூடாது.

முடிச்சை அவிழ்த்துக் கம்பளியை உருவினாள். மூக்காயி வாயைத் திறந்தாள். கஜலட்சுமி காத்திருந்தாள். மூக்காயி வாயை மூடிக்கொண்டு, கம்பளியின் மறுமுனையைப் பிடித்தாள்.

இரண்டு பேருமாகத் தொட்டியின் தலையிலிருந்து கால்வரை போர்த்தினார்கள். ஒரு பக்கம் விலகியிருந்ததை மூக்காயி இழுத்து, உள்ளே செருகிவிட்டாள். கம்பளிக்குள் மோட்டார் ஒரே சீராகக் கொர்ரென்று ஓடியது.

கீழே ரோட்டில் ஆண்கள் வந்த வேன் நின்றது. அவர்கள் உட்கார வேண்டுமே என்று லோஜினி, கழுவிய தரையில் ஒரு கதிரையைக் கிறீச்சென்று இழுத்தாள்.

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பி, உதட்டில் விரல் வைத்தார்கள்.